சுவரில்லாப் பாகப்பிரிவினை: வீட்டுக்கு ஒரு மேனேஜ்டு சுவிட்ச்

மங்கலம்பேட்டையில் எந்த எலெக்ட்ரிக்கல் கடைக்குப் போய் "ஒரு சுவிட்ச் குடுங்க" என்று கேட்டாலும், ஆறு ஆம்பியர் பியானோ சுவிட்ச் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவார்கள். கேமரா மாட்ட வரும் தம்பிகள் நெட்வொர்க் சுவிட்சை 'ஹப்' என்றே சொல்லிப் பழகியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். "அண்ணே, மாடிக்கு ஒரு ஹப் போட்டுட்டா வேலை முடிஞ்சுது" என்பார் தம்பி. அண்ணனும் தலையாட்டுவார். மறுநாள் நான்கு மூலையிலும் விளக்கு மினுக்கும் ஒரு பெட்டி சுவரில் தொங்கும்.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாம்தான். ஆனால் ஹப் வேறு, சுவிட்ச் வேறு. ஹப்புக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும்: ஒரு போர்ட்டில் வந்ததை மற்ற எல்லாப் போர்ட்டிலும் அப்படியே கத்திவிடும். யாருக்கு வந்த தகவல் என்று பார்த்து அவருக்கு மட்டும் கொடுப்பது சுவிட்ச். பல போர்ட் கொண்ட முதல் ஈதர்நெட் சுவிட்சை 1990 வாக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்தது 'கல்பனா' என்ற அமெரிக்க நிறுவனம். வினோத் பரத்வாஜும் லாரி பிளேரும் சேர்ந்து தொடங்கிய அந்த நிறுவனத்துக்குப் பரத்வாஜின் மனைவி பெயரைத்தான் வைத்தார்கள். அந்தப் பெட்டியில் இருந்தது ஏழே போர்ட். 1994-இல் சிஸ்கோ கல்பனாவை வாங்கிக்கொண்டது. இன்றைக்கு ஹப் என்று கேட்டு வாங்கினாலும் கடைக்காரர் கொடுப்பது சுவிட்ச்தான். ஆகவே ஹப்பா சுவிட்சா என்ற குழப்பம் தானாகவே தீர்ந்துவிட்டது. மிச்சமிருக்கும் கேள்வி: சாதா சுவிட்சா, மேனேஜ்டு சுவிட்சா?

விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் நடுவில் சாலையோரப் பேரூராட்சியாக இருக்கும் இந்த ஊருக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். கீழே கடை, பின்னால் குடோன், மாடியில் குடியிருப்பு. கூடத்தில் ஃபைபர் மோடம். கடையில் பில் போடும் கம்ப்யூட்டர் ஒன்று, பிரிண்டர் ஒன்று. வாசல், கல்லா, குடோன், மொட்டைமாடி என நான்கு கேமரா, அவற்றைப் பதிவுசெய்யும் என்விஆர் பெட்டி. மாடியில் டிவி, பிள்ளைகளின் போன்கள். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மகளின் லேப்டாப். இவை எல்லாமே ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றன. டிவியில் ஏதோ ஒரு ஆப் வழியாக வில்லங்கம் நுழைந்தால், கல்லாக் கணக்கு இருக்கும் கம்ப்யூட்டருக்கும் அதற்கும் நடுவில் ஒரு திரைச்சீலைகூடக் கிடையாது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2016 அக்டோபர் 21 அன்று 'மிராய்' என்ற தீநிரல், உலகெங்கும் பிடித்துவைத்திருந்த கேமராக்களையும் டிவிஆர் பெட்டிகளையும் ஏவிவிட்டு, இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டைன் என்ற நிறுவனத்தை நிலைகுலைய வைத்தது. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கு மணிக்கணக்கில் திறக்கவில்லை. மிராய் பூட்டுடைக்கும் வித்தை எதையும் காட்டவில்லை. ஆலையில் வைத்து அனுப்பிய 'அட்மின்', '12345' வகையறா கடவுச்சொற்கள் அறுபத்துச் சொச்சத்தை வரிசையாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவே. கேமரா மாட்டியவர் கடவுச்சொல்லை மாற்றாமல் போன வீடுகள் நம் பக்கத்தில் எத்தனை என்பது அந்தந்த வீட்டாருக்கே வெளிச்சம்.

மேனேஜ்டு சுவிட்ச் செய்வது ஒரு வகையில் பாகப்பிரிவினை. பெட்டி ஒன்று, கேபிள் ஒன்று, நெட் இணைப்பும் ஒன்று. ஆனால் கடைக்கு ஒரு பாகம், வீட்டுக்கு ஒரு பாகம், கேமராவுக்கு ஒரு பாகம் என்று உள்ளுக்குள் பிரித்துவிடலாம். இதற்கு வி-லான் என்று பெயர். செங்கல் வைத்துச் சுவர் எழுப்ப வேண்டியதில்லை.

யாருக்கு இது வேண்டாம்

முதலில் பணத்தை மிச்சப்படுத்தும் பேச்சு. வீட்டில் கேமரா இல்லை, கடை இல்லை, டிவியும் ஒரு லேப்டாப்பும்தான் கேபிளில் என்றால் மேனேஜ்டு சுவிட்ச் தேவையே இல்லை. சாதா கிகாபிட் சுவிட்ச் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு மறந்துவிடலாம். 'கிகாபிட்' என்பதும் 'மேனேஜ்டு' என்பதும் வெவ்வேறு சங்கதி. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டுதான் பலர் தேவைக்கு மேல் செலவழிக்கிறார்கள்.

கிகாபிட் வேகம் யாருக்கு என்பதற்கு நல்ல உதாரணம் கல்யாண வீடியோ எடிட் செய்பவர். ஒரு கல்யாணத்துக்கு 200 ஜிபி படம் சேர்ந்துவிட்டது என்று வைப்போம். அதைக் கீழறைக் கம்ப்யூட்டரிலிருந்து மாடியில் உள்ள ஸ்டோரேஜ் பெட்டிக்கு அனுப்ப, 100 எம்பிபிஎஸ் சுவிட்சில் நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிகாபிட்டில் ஏறக்குறைய அரை மணி. காலையில் போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குப் போகிற வேலை, டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடியும். வீட்டு நெட் இணைப்பு 50 எம்பிபிஎஸ்ஸோ 100 எம்பிபிஎஸ்ஸோ என்பது இதில் கணக்கே இல்லை. இந்தப் பயணம் முழுக்க வீட்டுக்குள்தான். கேமராக்களுக்கோ கிகாபிட் அனாவசியம். 1080பி கேமரா ஒன்று அனுப்புவது நொடிக்கு 4 மெகாபிட் அளவுதான். எட்டு கேமரா சேர்ந்தாலும் 32.

ஆக, வேகம் மட்டும் வேண்டும் என்றால் சாதா கிகாபிட் சுவிட்ச். பிரிக்கவும் வேண்டும், என்ன நடக்கிறது என்று பார்க்கவும் வேண்டும் என்றால்தான் மேனேஜ்டு.

பெட்டிக்கு முன்னால் ரவுட்டரைப் பாருங்கள்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படிக்க வேண்டும். மேனேஜ்டு சுவிட்ச் வாங்கியவர்களில் பாதிப் பேர் தலையில் கைவைப்பது இந்த இடத்தில்தான்.

வி-லான் போட்டுப் பிரிப்பது சுவிட்சின் வேலை. பிரித்த ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி ஐபி வரிசை கொடுப்பதும், ஒவ்வொன்றையும் இணையத்துக்குக் கூட்டிப்போவதும், வீட்டிலிருந்து பிரிண்டருக்குப் போகலாம், கேமராவிலிருந்து கடைக்கு வரக்கூடாது என்று விதி போடுவதும் ரவுட்டரின் வேலை. இணைய நிறுவனம் இலவசமாக மாட்டிவிட்டுப் போகும் ஃபைபர் மோடத்தில், உள்பக்கம் பெரும்பாலும் ஒரே ஒரு நெட்வொர்க்தான் தெரியும். அதன் பின்னால் சுவிட்சை வைத்து மூன்றாகப் பிரித்தால், ஒரு பாகத்துக்கு நெட் வரும், மற்ற இரண்டும் அம்போ. வீட்டைப் பாகம் பிரித்தவர் வாசலை ஒருவருக்கு மட்டும் எழுதிவைத்த கதை.

இதற்கு மூன்று வழி உண்டு. வி-லான் தெரிந்த சொந்த ரவுட்டர் ஒன்றை வாங்குவது முதல் வழி. டிபி-லிங்க்கின் இஆர்605, மைக்ரோடிக்கின் ஹெக்ஸ் போன்றவை சிறு அலுவலகங்களுக்கென்றே வருபவை, இந்த வேலையை ஒழுங்காகச் செய்யும். ஓபன்டபிள்யுஆர்டி என்ற மென்பொருளை ஏற்றிய பழைய ரவுட்டரும் பல நேரம் போதும். அப்போது மோடத்தை 'பிரிட்ஜ்' முறைக்கு மாற்றி, இணைப்பின் யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் சொந்த ரவுட்டரில் போட்டுக்கொள்வது நல்லது. உள்ளூர் கேபிள்காரர் மூலம் வந்த இணைப்பாக இருந்தால் அவரிடம் கேட்டால் மாற்றிக் கொடுத்துவிடுவார். பெரிய கம்பெனிகளில் சில இதற்கு மசியாது.

இரண்டாவது வழி, சிறிய மேனேஜ்டு சுவிட்சுகள் சிலவற்றில் உள்ள 'எம்டியூ வி-லான்' அல்லது 'போர்ட் ஐசொலேஷன்'. ஒரு போர்ட்டை வாசல் என்று குறித்துவிட்டால், மற்ற ஒவ்வொரு போர்ட்டும் அந்த வாசலோடு மட்டும் பேசும், பக்கத்துப் போர்ட்டைப் பார்க்காது. ரவுட்டர் எதையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கடைக் கம்ப்யூட்டரும் என்விஆரும் ஒன்றையொன்று தொடாது, இரண்டுக்கும் நெட் கிடைக்கும். குறை ஒன்று உண்டு: மோடத்தின் சொந்த வைஃபையில் இருக்கும் போன்கள் வாசலுக்கு அந்தப் பக்கம் நிற்பதால், அவற்றால் எல்லாவற்றையும் பார்க்க முடியும். வீட்டுக்காரர் போனில் கேமரா பார்க்க இது வசதிதான். வைஃபை பாஸ்வேர்டைத் தெருவுக்கே சொல்லிவைத்திருக்கும் வீடானால் வசதி வம்பாகிவிடும்.

மூன்றாவது வழி, சுவிட்சையே விட்டுவிட்டு மலிவு ரவுட்டர் ஒன்றை மோடத்துக்குப் பின்னால் மாட்டி, காக்க வேண்டிய கம்ப்யூட்டர்களை அதற்குப் பின்னால் வைப்பது. கேமரா ஆட்கள் இதை வேறு பெயர் எதுவும் சொல்லாமல் பல வருடமாகச் செய்துவருகிறார்கள். அழகான வழி இல்லை, ஆனால் வேலை நடக்கும்.

மூட்டையும் மார்க்கும்

முதல் வழியைத் தேர்ந்தால், சுவிட்சுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் ஒரே ஒரு கேபிள் வழியாக மூன்று பாகத்தின் போக்குவரத்தும் போக வேண்டும். கலந்துவிடாதா? விருத்தாசலம் மார்க்கெட் கமிட்டிக்கு லாரியில் மூட்டை போவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மூன்று பேருடைய மூட்டை ஒரே லாரியில் போகும், ஒவ்வொரு மூட்டையிலும் அவரவர் மார்க் இருக்கும், இறக்குமிடத்தில் மார்க் பார்த்துப் பிரிப்பார்கள். 1998-இல் வந்த 802.1க்யூ என்ற தரமுறை செய்வதும் இதையே. ஒவ்வொரு தகவல் கட்டிலும் நான்கு பைட் அளவுக்கு ஒரு மார்க் போடுகிறது, அதில் 12 பிட் வி-லான் எண்ணுக்கு. 1 முதல் 4094 வரை எண் கொடுக்கலாம். வீட்டுக்கு மூன்றோ நான்கோ போதும்.

மார்க்கோடு போகும் போர்ட்டை 'டேக்டு' என்பார்கள், அது லாரி. மார்க்கைப் பிரித்தெடுத்துவிட்டுக் கொடுக்கும் போர்ட் 'அன்டேக்டு', அது வீட்டுத் திண்ணை. கம்ப்யூட்டர், என்விஆர், டிவி எல்லாம் திண்ணையில்தான் அமர வேண்டும். ரவுட்டரும், பல வைஃபை பெயர் தரக்கூடிய அக்சஸ் பாயிண்டும் லாரி போர்ட்டில்.

இங்கே கடைக்காரர்களின் ஒரு வார்த்தை விளையாட்டைச் சொல்லியாக வேண்டும். கேமராவுக்கென்று விற்கும், கேபிள் வழியாகவே கரண்ட் கொடுக்கும் பிஓஇ சுவிட்ச் சிலவற்றின் முகப்பில் 'வி-லான்' என்று எழுதிய ஒரு குட்டி நகர்த்து பொத்தான் இருக்கும். "இதுலயும் வி-லான் இருக்குதுங்க" என்று காட்டுவார்கள். அது மேலே சொன்ன போர்ட் ஐசொலேஷன் மட்டுமே. எண் போட முடியாது, எதையும் மாற்றவும் முடியாது. அதே வரிசையில் 'எக்ஸ்டென்ட்' என்று இன்னொரு பொத்தான் இருந்தால் அதைத் தெரியாமல் தள்ளிவிடக் கூடாது. 250 மீட்டர் தூரம்வரை கேமராவுக்குக் கேபிள் இழுக்க அது உதவும், ஆனால் அந்தப் போர்ட்டுகளின் வேகம் 10 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும்.

அட்டைப்பெட்டியில் எதைப் படிப்பது

சிறிய மேனேஜ்டு சுவிட்சுகள் 'ஸ்மார்ட்', 'ஈசி ஸ்மார்ட்', 'பிளஸ்' என்றெல்லாம் பெயர் தாங்கி வரும். முழு மேனேஜ்டு என்பது இவற்றுக்கு ஒரு படி மேல். டிபி-லிங்க் டிஎல்-எஸ்ஜி108இ, நெட்கியர் ஜிஎஸ்308இ, டி-லிங்க் டிஜிஎஸ்-1100-08, ஜைக்ஸெல் ஜிஎஸ்1200-8 ஆகியவை எட்டுப் போர்ட் வரிசையில் பரவலாக அறியப்பட்டவை. மேலே வர்ணித்த வீட்டுக்கு இந்தப் படியே போதும். அதற்கு மேல் செலவழிக்க நல்ல காரணம் வேண்டும்.

'ஸ்விட்சிங் கெபாசிட்டி 16 ஜிபிபிஎஸ்' என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். எட்டுப் போர்ட், போக வர இரண்டு திசை, ஆளுக்கு ஒரு கிகாபிட்: எட்டிரண்டு பதினாறு. எல்லா எட்டுப் போர்ட் கிகாபிட் சுவிட்சிலும் அதே எண்தான் இருக்கும். இரண்டு மூன்று கேபிளை ஒன்றாகச் சேர்க்கும் 'லிங்க் அக்ரிகேஷன்' வீட்டில் பெரும்பாலும் தூங்கும். தேட வேண்டியது வேறு. 802.1க்யூ என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா? நெட் கேபிள் வழியாகவே டிவி சேனல் வரும் இணைப்பாக இருந்தால், சேனலைக் கேட்ட போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் உண்டா? போர்ட்வாரியாகப் பிழைக் கணக்குக் காட்டுமா? கேபிள் டெஸ்ட் இருக்கிறதா? இந்தக் கடைசி இரண்டும் விளம்பரத்தில் கடைசி வரியில் இருக்கும், ஆனால் வீட்டில் உண்மையாகவே கைகொடுப்பவை இவைதான். மாடிக் கேபிளை எலி கடித்ததா, கிரிம்ப் சரியில்லையா என்பதை ஏணி ஏறாமலே, எந்த ஜோடி எத்தனை மீட்டரில் அறுந்தது என்று திரையில் பார்த்துவிடலாம்.

சுற்றுத் தடுப்பும் வேண்டும். ஒரே கேபிளின் இரண்டு முனையையும் யாராவது ஒரே சுவிட்சில் செருகிவிட்டால், தகவல் சுற்றிச் சுற்றி வந்து மொத்த வீடும் ஸ்தம்பிக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் இது நடக்காது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. இதற்கான மருந்தை 1985-இல் ரேடியா பெர்ல்மேன் எழுதினார். 'ஸ்பானிங் ட்ரீ' என்ற அவருடைய முறை முழு மேனேஜ்டு சுவிட்சுகளில் இருக்கும். மலிவு மாடல்களில் 'லூப் ப்ரிவென்ஷன்' என்ற சுருக்க வடிவம் இருக்கும், அதுவே வீட்டுக்குப் போதும்.

கேமராவுக்குக் கேபிள் வழியாகவே கரண்ட் கொடுக்கும் பிஓஇ வேண்டுமா என்பதில் இந்த நூலின் கருத்து: மேனேஜ்டு சுவிட்சில் வேண்டாம். கேமராவுக்குத் தனியாக ஒரு மலிவு பிஓஇ சுவிட்சோ, பிஓஇ உள்ள என்விஆரோ வைத்து, அதிலிருந்து ஒரே ஒரு கேபிளை மேனேஜ்டு சுவிட்சின் கேமரா பாகத்துக்குக் கொண்டுவருவது நல்லது. பதிவு போக்குவரத்து அங்கேயே சுற்றிக்கொள்ளும். இடி விழுந்தால் போவதும் மலிவுப் பெட்டியாக இருக்கும். பிஓஇ வாங்கும்போது 802.3ஏஎஃப் (போர்ட்டுக்கு 15.4 வாட்) அல்லது 802.3ஏடி (30 வாட்) என்று போட்டிருக்க வேண்டும். தரமுறை எண் இல்லாமல் 'பாஸிவ் பிஓஇ' என்றிருந்தால், எதிர்முனையில் இருப்பது கேமராவா பில் கம்ப்யூட்டரா என்று விசாரிக்காமலே வோல்டேஜ் போய்க்கொண்டிருக்கும். மொத்த வாட் பட்ஜெட்டையும் பார்க்க வேண்டும். எட்டுப் போர்ட்டும் பிஓஇ என்றாலும், எட்டுக்கும் சேர்த்து 60 வாட்தான் என்று சின்ன எழுத்தில் இருக்கலாம்.

கடலூர் மாவட்டத்துக் கரண்டும் இடியும்

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை கடந்தபின், மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில், சில ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை ஏறியபோதும் மாவட்டம் வெள்ளத்தில் தவித்தது. புயல் இல்லாத நாளிலும் பராமரிப்புக்கென்று மாதம் ஒருமுறை கரண்ட் நிறுத்தம், கோடை மழையோடு வரும் இடி, இரவில் ஏறி இறங்கும் வோல்டேஜ். நெய்வேலியின் அனல்மின் நிலையங்கள் பக்கத்திலேயே இருப்பதால் எந்தச் சலுகையும் கிடையாது. எனவே சுவிட்சின் விவரப்பட்டியலில் வேகத்தைப் படிப்பதற்கு முன் அடாப்டரைப் படிக்க வேண்டும்.

சிறிய சுவிட்சுகளின் அடாப்டர் மாடலுக்கு மாடல் 5, 9, 12 வோல்ட் என மாறும். மோடம் பெரும்பாலும் 12 வோல்ட். சுவிட்சும் 12 வோல்ட்டாக அமைந்தால், ரவுட்டருக்கென்று விற்கும் மினி யுபிஎஸ் ஒன்றிலேயே இரண்டையும் மாட்டிவிடலாம், கரண்ட் போனதே தெரியாது. இரண்டுக்கும் சேர்த்து அதன் ஆம்பியர் போதுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். மைக்ரோடிக் சிஎஸ்எஸ்106-5ஜி-1எஸ் போன்ற சில பெட்டிகள் 12, 24 என எந்த வோல்ட் கொடுத்தாலும் ஏற்கும். மற்றவை அப்படியில்லை. 5 வோல்ட் சுவிட்சில் மோடத்தின் 12 வோல்ட் பின்னைச் செருகினால், பின் கச்சிதமாகப் பொருந்தும், சுவிட்ச் புகையும். ஒவ்வொரு அடாப்டரின் தலையிலும் எந்தப் பெட்டியுடையது என்று பேனாவால் எழுதி ஒட்டிவிடுவது இரண்டு நிமிட வேலை. அடாப்டரில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிட வேண்டும்.

கரண்ட் பில்லைப் பற்றிக் கவலை வேண்டாம். எட்டுப் போர்ட் சுவிட்ச் 5 வாட் தின்றாலும் இரண்டு மாதத்துக்கு 7.2 யூனிட்தான். ஆனால் சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கிறதென்று, கம்பெனிகள் கழித்துப் போட்ட 24 போர்ட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் கவலைப்படலாம். 40 வாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 57.6 யூனிட். கூடவே இரவு முழுதும் விசிறி இரைச்சல். விசிறியில்லாத உலோகப் பெட்டிதான் வீட்டுக்குச் சரி. பல மாடல்கள் 40 டிகிரி வரைதான் தாங்குவதாக எழுதியிருக்கும், சில 50 வரை. மே மாதத்தில் மொட்டைமாடித் தகரக் கொட்டகைக்குள் வைத்தால் இரண்டுமே கணக்கில் வராது. கூடத்திலேயே கண் மட்டத்தில் வைக்கலாம். காற்றுத் துளை வழியாகப் பல்லி நுழைந்து பலகையின்மேல் படுத்துக்கொள்வது வேடிக்கையான செய்தி இல்லை, சர்வீஸ் பெஞ்சில் அடிக்கடி பார்க்கிற காட்சி.

இடி வருவது கரண்ட் வழியாக மட்டுமில்லை. மொட்டைமாடிக் கேமராவின் கேபிளும், தெருவைக் கடந்து குடோனுக்கு இழுத்த கேபிளும் செம்புதான். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதாக இருந்தால் செம்பை விட்டுவிட்டு ஃபைபர் போடுவது நல்லது. அதற்கு எஸ்எஃப்பி வாய் உள்ள சுவிட்ச் வேண்டும், இல்லையேல் இருமுனையிலும் மீடியா கன்வெர்ட்டர் வைக்கலாம். கண்ணாடி இழைக்குள் மின்சாரம் ஓடாது. ஆனால் தொங்கவிடும் ஃபைபரோடு ஒட்டி வரும் எஃகுக் கம்பியில் ஓடும், அதைச் சுவருக்கு வெளியே வெட்டிவிட வேண்டும்.

பிளேடு சோதனை

நல்ல சுவிட்சை வாங்கிவிட்டு மோசமான கேபிளில் மாட்டுவது அதிகம் நடக்கிறது. 'கேட்-6' என்று அச்சிட்டு, அலுமினியக் கம்பிமேல் செம்புப் பூச்சு பூசிய கேபிளை விற்கிறார்கள். மலிவு, எடை குறைவு. ஒரு கம்பியை உரித்து, பிளேடால் லேசாகச் சுரண்டிப் பார்த்தால் போதும்: உள்ளேயும் சிவப்பாக இருந்தால் செம்பு, வெள்ளை தெரிந்தால் அலுமினியம். பிஓஇ கரண்ட் ஓடும் கேபிளில் அலுமினியம் சூடேறும், வளைத்தால் ஒடியும்.

பழைய 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஒரு ஜோடி தொடர்பு விட்டாலும் பல நேரம் இணைப்பு அறுந்துவிடாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். வீட்டில் யாருக்கும் தெரியாது. சுவிட்சின் விளக்கு நிறம் மாறியிருக்கும், அவ்வளவுதான். எந்த நிறம் கிகாபிட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும், கையேட்டின் முதல் பக்கத்தில் இருக்கும். ஒரே இழுப்பில் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது மட்டும் எல்லாருக்கும் பொது.

வாங்கும் இடத்தில் இன்னொன்று. ஒரே மாடல் பெயரில் உள்ளே வேறு வேறு ஹார்ட்வேர் வரும். பெட்டியின் அடிப்பக்க ஸ்டிக்கரில் 'வி3', 'வி5' என்று சிறிதாக இருக்கும். இணையத்தில் படித்த புகழ்ச்சி ஒரு பதிப்புக்கும், கையில் வந்தது இன்னொன்றுக்கும் இருக்கலாம். புதிய ஃபர்ம்வேர் அந்தப் பதிப்புக்கு வந்திருக்கிறதா என்று கம்பெனியின் தளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம். ஐந்து போர்ட்டா எட்டா என்று தயங்குபவர்களுக்கு: எட்டு. ஒன்று ரவுட்டருக்கு, ஒன்று கேமராவுக்கு, ஒன்று வைஃபைக்கு, ஒன்று அமைப்பு வேலைக்கு என்று வைத்தால் ஐந்தில் மிஞ்சுவது ஒன்றுதான்.

முதல் இரவு

அமைக்க உட்காரும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். மேலே பார்த்த வீட்டுக்கு இப்படி இருக்கலாம்: 1-ஆம் போர்ட் ரவுட்டருக்கு, மூன்று பாகத்துக்கும் டேக்டு. 2, 3, 4 வீட்டுக்கு, எண் 10. 5, 6 கடைக்கு, எண் 20. 7 கேமராவுக்கு, எண் 30. 8-ஐ எதிலும் சேர்க்காமல் அமைப்பு வேலைக்கென்று விட்டுவைக்கலாம். வழியில் தப்பு செய்து வெளியே மாட்டிக்கொண்டால் உள்ளே வர அது ஒன்றுதான் கதவு.

சுவிட்சை ரவுட்டரோடு சேர்க்காமல், லேப்டாப்பை 8-ஆம் போர்ட்டில் நேராக மாட்ட வேண்டும். டிபி-லிங்க் வகையில் முகவரி 192.168.0.1, நெட்கியரில் 192.168.0.239, டி-லிங்க்கில் 10.90.90.90. லேப்டாப்புக்குக் கையால் அதே வரிசையில் ஒரு ஐபி, உதாரணமாக 192.168.0.10 என்று கொடுத்தால்தான் பக்கம் திறக்கும். மோடத்தின் முகவரியும் 192.168.0.1 ஆக இருந்தால் இரண்டும் மோதும். சேர்க்காமல் தொடங்கச் சொன்னது இதற்காகத்தான். முதல் வேலை கடவுச்சொல்லை மாற்றுவது, மிராய் கதை நினைவிருக்கட்டும். இரண்டாவது, சுவிட்சின் சொந்த முகவரியை மாற்றுவது.

அடுத்து வி-லான் பக்கத்தில் போர்ட்டுகளைக் குறிக்க வேண்டும். இங்கேதான் எல்லோரும் ஒருமுறையாவது சறுக்குகிறார்கள். 5-ஆம் போர்ட்டை 20-இல் அன்டேக்டு என்று குறித்துவிட்டு வேலை முடிந்ததென்று எழுந்துவிடுவார்கள். வெளியே போகும்போது மார்க்கை எடுக்க வேண்டும் என்று மட்டும்தான் அது சொல்கிறது. கம்ப்யூட்டரிலிருந்து மார்க் இல்லாமல் உள்ளே வரும் மூட்டைக்கு எந்த எண் போடுவது என்பதைச் சொல்வது பிவிஐடி என்ற வேறொரு பக்கம். அதில் 5-க்கு எதிரே இன்னும் 1 என்றே இருக்கும். கடைக் கம்ப்யூட்டர் ஐபி கேட்டுக் கத்தும், கேள்வி தவறான பாகத்துக்குப் போகும், பதில் வராது. கம்ப்யூட்டர் தானாக 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த எண்ணைப் பார்த்த உடனே பிவிஐடி பக்கத்துக்குப் போய்விடலாம், நூற்றுக்குத் தொண்ணூறு அங்கேதான் தவறு.

பிரித்தது உண்மையிலேயே பிரிந்ததா என்று கடைக் கம்ப்யூட்டரிலிருந்து என்விஆரின் முகவரியை 'பிங்' செய்து பார்க்க வேண்டும். ரவுட்டரில் தடை விதியும் போட்டிருந்தால் பதில் வரக் கூடாது. வந்தால் விதி இன்னும் சரியாக எழுதப்படவில்லை என்று பொருள். வி-லான் போட்டாலும் ரவுட்டர் பாகங்களுக்கிடையே வழிவிட்டுக்கொண்டுதான் இருக்கும். அதேபோல 7-ஆம் போர்ட்டில் லேப்டாப்பை மாட்டி, சுவிட்சின் அமைப்புப் பக்கம் திறக்கிறதா என்றும் பார்க்கலாம். சில மலிவுப் பெட்டிகளில் எந்தப் பாகத்திலிருந்தும் அது திறக்கும். அப்படியானால் கடவுச்சொல் நீளமாக இருந்தே ஆக வேண்டும்.

எல்லாம் சரியாக ஓடுகிறது, பில் பிரிண்ட் ஆகிறது, போனில் கேமரா தெரிகிறது. இப்போது சுவிட்சின் அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுப் பத்து விநாடி கழித்து மீண்டும் மாட்ட வேண்டும். சில மாடல்களில் 'அப்ளை' அழுத்துவது அந்த நேரத்துக்கு மட்டும்தான், நிரந்தரமாக எழுத 'சேவ் கான்ஃபிக்' என்று வேறு மெனு உண்டு. அதை அழுத்தாதவருக்கு அடுத்த கரண்ட் நிறுத்தத்தில் மூன்று பாகமும் மறுபடி ஒன்றாகிவிடும். பிடுங்கி மாட்டிய பிறகும் தாளில் எழுதிய எண்கள் திரையில் அப்படியே இருந்தால், அமைப்பை ஒரு ஃபைலாக லேப்டாப்பில் இறக்கிக்கொண்டு, அந்தத் தாளைச் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடலாம். அடுத்த முறை கேமரா தம்பி வந்து காலியாக இருக்கும் போர்ட்டில் எதையாவது செருகப் போகும்போது அவர் கண்ணில் படும் உயரத்தில் ஒட்ட வேண்டும்.